'எனக்கு' என்று தொடங்கினால் 'கெட்': ஒரே வினைச்சொல்லை வைத்து ஆங்கிலம் பேசப் பழகுவது எப்படி?

மும்பையில் தாராவி, சயான், அன்டாப் ஹில், செம்பூர் பக்கம் இருக்கிற நம் ஆட்களுக்கு மூன்று மொழி தண்ணி பட்ட பாடு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, வார்டு ஆபீஸில் மராத்தி. நாலாவதாக ஆங்கிலம் என்று வரும்போது மட்டும் வாய் கட்டிப்போகிறது. கேட்டால், "எனக்கு கிராமர் தெரியாது" என்பார்கள். சாயங்கால வகுப்பில் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் காரணம் அது இல்லை. நாம் 'எனக்கு' என்று தொடங்குகிற வாக்கியத்தை ஆங்கிலம் 'நான்' என்று தொடங்குகிறது. அந்தத் திருப்பத்தில்தான் சிக்கிக்கொள்கிறோம். அந்த இடத்தில் நமக்குத் தேவைப்படுவது பல சமயம் ஒரே ஒரு வினைச்சொல்: 'கெட்'.

அகராதியைத் திறந்தால் 'கெட்' என்ற சொல்லுக்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் இருக்கும். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். கீழே உள்ள படிகளை வரிசையாக, வாய்விட்டுப் படியுங்கள். பேசுவதற்கான பாடம் என்பதால் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

படி 1: முதலில் வாய்க்குப் பழக்குங்கள்

'கெட்' என்பதன் முதல் எழுத்தை 'கீதா' என்ற பெயரில் வருவது போல அழுத்திச் சொல்ல வேண்டும். 'கெட்டுப்போச்சு' என்பதில் வருகிற ஒலி இல்லை. இழுத்தால் அது வாசல் கேட் ஆகிவிடும், அதனால் சுருக்கமாக வெட்டுங்கள்.

நடந்து முடிந்ததைச் சொல்ல 'காட்'. கடைசி எழுத்தைப் 'பாட்டு' என்பதில் வருவது போலக் கெட்டியாக முடியுங்கள். இளக்கிச் சொன்னால் கடவுளைக் கூப்பிடுவது போலக் கேட்கும். 'ஹாவ்', 'ஹாஸ்' இவற்றோடு வரும்போதும் பிரிட்டிஷ் வழக்கில் அதே 'காட்'தான். நம் பள்ளிப் புத்தகங்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. அமெரிக்கர்கள் 'காட்டன்' என்பார்கள். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் கால் சென்டரில் சேர்ந்தால் இது காதில் விழும். துணிக்கடைக் காட்டன் இல்லை, இதிலும் முதல் எழுத்து கீதாவின் 'கீ' போலத்தான்.

இன்னொன்று, 'கெட் அப்' என்பதை ஆங்கிலம் பேசுகிறவர்கள் பிரித்துச் சொல்வதில்லை. 'கெட்டப்' என்று ஒரே மூச்சில் வரும். நாம் "ஆளே கெட்டப் மாறிட்டான்" என்கிறோமே, அதுவும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். அங்கே பெயர்ச்சொல்லாக வந்தால் அதற்கு உடையலங்காரம் என்று பொருள். வினையாக வந்தால் எழுந்திருப்பது.

படி 2: 'எனக்கு' சோதனை

மொத்தப் பாடத்திலும் முக்கியமான படி இதுதான். அவசரப்படாமல் படியுங்கள். நாம் தினமும் சொல்கிற வாக்கியங்கள் சிலவற்றைப் பாருங்கள்.

எனக்கு வேலை கிடைச்சது. "ஐ காட் அ ஜாப்."
எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. "ஐ காட் அ மெசேஜ்."
எனக்குக் கோபம் வந்தது. "ஐ காட் ஆங்ரி."
எனக்குத் தூக்கம் வருது. "ஐம் கெட்டிங் ஸ்லீப்பி."
எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. "ஐ காட் அ ஃபீவர்."
எனக்குக் கல்யாணம் ஆச்சு. "ஐ காட் மேரிட்."
எனக்குப் புரியல. "ஐ டோன்ட் கெட் இட்."

தமிழில் கிடைப்பது, வருவது, ஆவது, புரிவது என்று நாலு வினை. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒன்றே. தமிழில் வேலையும் கோபமும் தூக்கமும் நம்மைத் தேடி வருகின்றன, நாம் ஒரு ஓரமாக 'எனக்கு' என்று நிற்கிறோம். ஆங்கிலத்தில் ஆள்தான் முன்னால் வந்து நிற்பார். 'எனக்கு' போய் 'ஐ' வரும், 'அவனுக்கு' போய் 'ஹி' வரும், 'அம்மாவுக்கு' என்றால் 'மை மதர்' வரும். அடுத்து 'கெட்'.

மும்பையில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கஷ்டம். ஏனென்றால் நமக்குத் தெரிந்த மற்ற இரண்டு மொழிகளும் தமிழ் மாதிரியே நடக்கின்றன. இந்தியில் "முஜே குஸ்ஸா ஆயா". மராத்தியில் "மலா ராக் ஆலா". மூன்றிலும் 'எனக்கு' முன்னால், கோபம் பின்னால். மூன்று மொழியும் ஒரே பக்கம் இழுக்கும்போது "ஆங்கர் கேம் டு மீ", "ஸ்லீப் இஸ் கமிங்" என்று வாயில் வருவது இயல்புதான். அறிவுக்குறைவு இல்லை, பழக்கம். வாக்கியம் 'எனக்கு' என்று மனதில் தொடங்கும்போதே 'ஐ' என்று வாய் திறக்கப் பழகினால் போதும், மீதி தானாக வந்துவிடும்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. 'கெட்' என்பது மாற்றத்தைச் சொல்கிற வினை. இல்லாதது வந்தது, ஒரு நிலை இன்னொன்றாக மாறியது என்றால்தான் அது பொருந்தும். ஏற்கெனவே இருக்கிற நிலைக்குப் பொருந்தாது. எனக்குத் தெரியும் என்பதற்கு "ஐ நோ". எனக்குப் பிடிக்கும் என்பதற்கு "ஐ லைக் இட்". எனக்கு வேணும் என்பதற்கு "ஐ வான்ட் இட்". இங்கெல்லாம் 'கெட்' வேண்டாம். பசியை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் நன்றாகப் புரியும். இப்போது வயிறு கத்துகிறது என்றால் "ஐம் ஹங்ரி". இப்போதுதான் பசி எடுக்க ஆரம்பிக்கிறது என்றால் "ஐம் கெட்டிங் ஹங்ரி".

'டவுட்' விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "எனக்கு ஒரு டவுட்" என்பதை "ஐம் கெட்டிங் அ டவுட்" என்று பலர் சொல்கிறார்கள். இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போது 'டவுட்' என்றால் நீங்கள் அவர் சொல்வதை நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். சந்தேகம் கேட்க "ஐ ஹாவ் அ கொஸ்டின்" என்பதே நல்லது.

படி 3: அடுத்த சொல் என்ன என்று பாருங்கள்

இது வரை நாம் பேசுவதற்கு. மற்றவர் பேசும்போது எப்படிப் புரிந்துகொள்வது? 'கெட்' காதில் விழுந்ததும் அடுத்து வருகிற சொல்லைக் கவனியுங்கள். அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து ஒரு பொருள் வந்தால், பெறுவது, வாங்குவது, போய் எடுத்து வருவது. "வேர் டிட் யூ கெட் திஸ் சாரி?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், கடையில் வாங்கியதா, யாராவது கொடுத்ததா என்பது இரண்டும் அதற்குள் அடக்கம். "ஐ காட் இட் இன் மாட்டுங்கா" என்றால் மாட்டுங்காவில் வாங்கினீர்கள். "ஐ காட் இட் ஃப்ரம் மை சிஸ்டர்" என்றால் தங்கை கொடுத்தது. கேள்வியில் 'டிட்' வந்துவிட்டதால் 'காட்' வராது, 'கெட்' மட்டும்தான். "கெட் மீ அ கட்டிங்" என்று மேனேஜர் சொன்னால் ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, வாங்கிவரச் சொல்கிறார்.

அடுத்து ஒரு நிலையைச் சொல்கிற சொல் வந்தால், ஆவது. ஜூலை மழையில் குடை இல்லாமல் வந்தால் "ஐ காட் வெட்". இருட்டிக்கொண்டு வந்தால் "இட்ஸ் கெட்டிங் டார்க்". உடம்பு தேறி வந்தால் "ஐம் கெட்டிங் பெட்டர்". "எனக்கு லேட் ஆகுது" என்பதை நாம் "ஐம் கெட்டிங் லேட்" என்கிறோம். நம் ஊரில் ஓடும். மற்ற இடங்களில் "ஐம் ரன்னிங் லேட்" என்பார்கள். பொதுவாக நேரமாகிவிட்டது என்று சொல்ல "இட்ஸ் கெட்டிங் லேட்" எங்கேயும் சரி.

அடுத்து ஒரு இடம் வந்தால், போய்ச் சேர்வது. "ஹௌ டு ஐ கெட் டு சயான் ஹாஸ்பிட்டல்?" இந்த ஒரு வாக்கியத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இடத்தை மட்டும் மாற்றி எந்த ஊரிலும் வழி கேட்கலாம். வீடு, இங்கே, அங்கே போன்ற சொற்களுக்கு மட்டும் நடுவில் 'டு' கிடையாது. "ஐ காட் ஹோம் அட் நைன்." "கெட் டு ஹோம்" தவறு.

படி 4: லோக்கல் ட்ரெய்னில் வைத்துப் பழகுங்கள்

'கெட்' சொல்லோடு ஆன், ஆஃப், இன், அவுட் என்று சின்னச் சொற்கள் ஒட்டிக்கொள்ளும்போதுதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அதைப் பழக நம் லோக்கலை விட நல்ல வகுப்பறை இல்லை.

சயானில் சிஎஸ்எம்டி பக்கம் போகிற ஸ்லோ ட்ரெய்னில், லேடீஸ் டப்பாவில் ஏறியிருக்கிறீர்கள். மாட்டுங்கா தாண்டியதும் வாசல் பக்கம் வரிசை கட்டும். ஒரு கை மேலே பிடித்தபடி இருக்கும், இன்னொரு கை பையை முன்பக்கம் இழுத்து அணைத்திருக்கும். பின்னால் நிற்கிறவர் தோளைத் தொட்டு "தாதர் உதர்னா ஹை?" என்பார். ஆமாம் என்றால் உங்கள் பின்னாலேயே நின்றுகொள்வார். இல்லை என்றால் நீங்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவரால் இறங்க முடியாது. இதே பேச்சு ஆங்கிலத்தில்:

"ஆர் யூ கெட்டிங் ஆஃப் அட் தாதர்?"
"யெஸ், ஐம் கெட்டிங் ஆஃப்." அல்லது "நோ, ப்ளீஸ் கோ அஹெட்."

ஏறுவது 'கெட் ஆன்', இறங்குவது 'கெட் ஆஃப்'. "ஐ காட் ஆன் அட் சயான் அண்ட் காட் ஆஃப் அட் தாதர்." ஃபாஸ்ட் ட்ரெய்ன் மாட்டுங்காவில் நிற்காது என்று புதிதாக வந்தவரிடம் சொல்ல வேண்டுமா? "திஸ் இஸ் அ ஃபாஸ்ட் ட்ரெய்ன். யூ கான்ட் கெட் ஆஃப் அட் மாட்டுங்கா."

'கெட் டவுன்' என்று சொல்லிப் பழகியவர்கள் பயப்பட வேண்டாம். இந்தியா முழுக்கப் புழங்குகிற சொல்தான். ஆனால் வெளியே அதற்கு ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ கீழே வருவது, குனிந்து பதுங்குவது என்று வேறு படம் தோன்றும். இன்டர்வியூ, வெளிநாட்டு ஃபோன் கால் என்று வரும்போது 'கெட் ஆஃப்' சொல்லுங்கள்.

ஆட்டோ, டாக்ஸி, கார் என்றால் சொல் மாறும். ஏறுவது 'கெட் இன்', இறங்குவது 'கெட் அவுட்'. எது எதற்கு என்று நினைவில் வைக்க ஒரு வழி இருக்கிறது. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்தால் ஆன், ஆஃப். ட்ரெய்ன், பஸ், விமானம், கப்பல் எல்லாம் இதில் சேரும். குனிந்து உள்ளே நுழைந்து உட்காருவதாக இருந்தால் இன், அவுட். மேலே காலைப் போட்டு உட்காருகிற பைக், சைக்கிள், குதிரைக்கும் ஆன், ஆஃப்தான். மும்பையின் தெற்குப் பகுதியான தீவு நகரத்துக்குள் ஆட்டோவுக்கு அனுமதி இல்லாததால் சயான் தாண்டித் தெற்கே போகிறவர்கள் டாக்ஸியை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்: "கெட் இன் தி டாக்ஸி."

'கெட் அவுட்' என்றாலே நமக்குக் கோபம்தான் நினைவுக்கு வருகிறது. அது தனியாக, ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான். "ஐ காட் அவுட் ஆஃப் தி டாக்ஸி" என்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

இப்படி ஒட்டுச் சொற்கள் இன்னும் நிறைய உண்டு. முதல் மாதத்துக்கு மூன்று போதும். திரும்பி வருவதற்கு 'கெட் பேக்'. ஒத்துப்போவதற்கு 'கெட் அலாங்', "ஐ கெட் அலாங் வித் மை மதர் இன் லா" என்பது போல. ஃபோன் லைன் கிடைப்பதற்கு 'கெட் த்ரூ', "ஐ குடன்ட் கெட் த்ரூ" என்றால் எத்தனை தடவை அடித்தும் லைன் கிடைக்கவில்லை.

படி 5: நமக்கு நடந்தது

'கெட்' சொல்லுக்குப் பின்னால் பெய்ட், ஸ்டக் போல முடிந்துபோன வினை வந்தால், அது நமக்கு நடந்ததைச் சொல்கிறது. "ஐ காட் ஸ்டக் இன் ட்ராஃபிக்." "வி கெட் பெய்ட் ஆன் தி ஃபிஃப்த்." டிக்கெட் இல்லாமல் வந்தவனை டிக்கெட் செக்கர் பிடித்தால் "ஹி காட் காட்". இந்த இரண்டாவது 'காட்' பிடிப்பதன் இறந்தகாலம், அதன் முதல் எழுத்து 'காகம்' என்பதில் வருவது போல மெலிசாக, கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். கல்யாணமும் இந்த வகைதான். யாரோடு என்று சொல்ல 'வித்' போடாதீர்கள், 'டு' போடுங்கள்: "ஷி காட் மேரிட் டு மை கசின்."

படி 6: நான் தைத்தேனா, தைத்து வாங்கினேனா?

நம் பகுதி ஆட்களுக்கு இந்தப் படி ரொம்பத் தேவை. தாராவியில் வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடுகிறது. ஒருவர் "ஐ ஸ்டிச்ட் திஸ் ப்ளவுஸ்" என்றால் தானே மிஷினில் உட்கார்ந்து தைத்தார் என்று அர்த்தம். கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியவர் அப்படிச் சொன்னால் கேட்கிறவர் அவரைத் தையல்காரர் என்றே நினைப்பார். அவர் சொல்ல வேண்டியது "ஐ காட் திஸ் ப்ளவுஸ் ஸ்டிச்ட்".

90 ஃபீட் ரோடில் ஒரு தையல் கடை வாசலை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கிற அண்ணன் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அளவு ப்ளவுஸை மேஜையில் விரித்து, சாக்பீஸால் கோடு போடுகிறார். வெளியே நிற்கிற அக்கா லைனிங் துணியை நீட்டுகிறார். ஒரே ப்ளவுஸ்தான். அண்ணனின் வாக்கியம் "ஐம் ஸ்டிச்சிங் அ ப்ளவுஸ்". அக்காவின் வாக்கியம் "ஐம் கெட்டிங் அ ப்ளவுஸ் ஸ்டிச்ட்".

வரிசையைக் கவனியுங்கள். முதலில் 'கெட்', நடுவில் பொருள், கடைசியில் முடிந்த வினை. பொருளைக் கடைசிக்குத் தள்ளி "ஐ காட் ஸ்டிச்ட் திஸ் ப்ளவுஸ்" என்றால் வாக்கியம் நிற்காது. தமிழில் நாம் இந்த வித்தியாசத்தைப் பல இடங்களில் விட்டுவிடுகிறோம். "முடி வெட்டிட்டு வந்தேன்", "பல்லைப் புடுங்கிட்டு வந்தேன்" என்றால் யாரும் நம்மையே பல் டாக்டர் என்று நினைப்பதில்லை. ஆங்கிலத்தில் நினைப்பார்கள். "ஐ காட் மை ஹேர் கட்." "ஐ காட் அ டூத் புல்ட்." "ஐ காட் மை ஆதார் அப்டேட்டட்." "ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்." நாலையும் சத்தமாகச் சொல்லுங்கள், காது பழகிவிடும்.

செய்தவர் யார் என்றும் சொல்ல வேண்டுமென்றால் பொருளின் இடத்தில் ஆளைப் போட்டு, பின்னால் 'டு' சேருங்கள். "ஐ காட் மை பிரதர் டு ஃபில் தி ஃபார்ம்." தம்பியிடம் கேட்டு, கொஞ்சம் கெஞ்சி, காரியத்தை முடித்தீர்கள் என்ற ஒலி இதில் இருக்கிறது. இதையே 'மேட்' போட்டுச் சொன்னால் கட்டாயப்படுத்தினீர்கள் என்று ஆகும், அங்கே 'டு'வும் வராது: "ஐ மேட் மை பிரதர் ஃபில் தி ஃபார்ம்."

படி 7: வாய்ப்பும் கட்டாயமும்

'கெட் டு' சொல்லுக்குப் பின்னால் இடம் வந்தால் போய்ச் சேர்வது என்று பார்த்தோம். வினை வந்தால் வாய்ப்புக் கிடைப்பது. கணபதி சமயத்தில் லால்பாக் பிள்ளையாரைப் பார்க்க மணிக்கணக்காக வரிசையில் நின்றவரிடம் "டிட் யூ கெட் டு ஸீ லால்பாக்சா ராஜா?" என்று கேட்கலாம். பார்க்கக் கிடைத்ததா என்று அர்த்தம்.

'ஹாவ் காட்' என்றால் இருக்கிறது, அவ்வளவுதான். "ஐவ் காட் டூ சில்ட்ரன்." 'ஹாவ் காட் டு' என்றால் செய்தே ஆக வேண்டும். "ஐவ் காட் டு கேட்ச் தி 8.12 லோக்கல்." வேகமாகப் பேசும்போது இது "ஐ காட்டா" என்று சுருங்கிவிடும். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுத்தில் போட வேண்டாம்.

படி 8: எழுத்தில் எங்கே நிறுத்துவது

'கெட்' பேச்சுக்குச் சொந்தமான சொல். ஸ்காண்டிநேவியாவிலிருந்து போய் இங்கிலாந்தில் குடியேறியவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சாக வந்த சொல், இன்றைக்கும் வீட்டுப் பேச்சிலேயே நிற்கிறது. 'ரிசீவ்', 'அப்டெய்ன்' போன்றவை பிரெஞ்சு வழியாக வந்தவை. சட்டமும் அரசவையும் பல காலம் பிரெஞ்சில் நடந்ததால் அந்தச் சொற்களுக்கு அலுவலக மிடுக்கு ஒட்டிக்கொண்டது.

அதனால் பேங்குக்கோ ஸ்கூலுக்கோ கடிதம் எழுதும்போது "ஐ டிட்ன்ட் கெட் மை பாஸ்புக்" என்பதை விட "ஐ ஹாவ் நாட் ரிசீவ்ட் மை பாஸ்புக்" என்று எழுதுங்கள். கவுண்டரில் நின்று பேசும்போது முதல் வாக்கியமே போதும்.

படி 9: இப்போது நீங்கள்

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள், அப்புறம் விடையைப் பாருங்கள்.

எனக்கு இன்னும் சம்பளம் வரல.
குர்லாவில் இறங்கி ஆட்டோவில் ஏறினேன்.
எனக்கு மராத்தி நல்லாத் தெரியும்.
செருப்பைத் தைச்சு வாங்கினேன்.
அம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்சிருக்கு, ஆனா கோயிலுக்குப் போகக் கிடைக்கல.

முதலாவதுக்கு "ஐ ஹாவன்ட் காட் மை சாலரி யெட்" என்றாலும் சரி, படி 5 வழியில் "ஐ ஹாவன்ட் காட் பெய்ட் யெட்" என்றாலும் சரி. இரண்டாவது "ஐ காட் ஆஃப் அட் குர்லா அண்ட் காட் இன் அன் ஆட்டோ". மூன்றாவதில் 'கெட்' போட்டிருந்தால் படி 2-ஐ மறுபடி படியுங்கள். தெரிவது மாற்றம் இல்லை, "ஐ நோ மராத்தி வெல்". நாலாவது "ஐ காட் மை சாண்டல்ஸ் ரிப்பேர்ட்".

ஐந்தாவது கொஞ்சம் நீளம்: "மை மதர்ஸ் நீ பெய்ன் ஹாஸ் காட் பெட்டர், பட் ஷி டிட்ன்ட் கெட் டு கோ டு தி டெம்பிள்." அமெரிக்கக் கஸ்டமரிடம் பேசும் வேலையில் இருந்தால் 'ஹாஸ் காட்டன் பெட்டர்'. பின்பாதியில் 'டு' இரண்டு தடவை வருவது பிழை இல்லை. முதல் 'டு' வாய்ப்புக் கிடைத்ததற்கு, இரண்டாவது கோயிலுக்கு.